கதவைத் தட்டியவர்

பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அச்சிட்டிருக்கும் கேள்விகளுக்கு விடை சொல்வதில் எந்த உபாத்தியாயருக்கும் கஷ்டம் இல்லை. பையன்கள் தாங்களாகவே யோசித்துக் கேட்கும் கேள்விகள்தான் ஆபத்தானவை. சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேர்தல் முறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே ஜனாதிபதியாக இருப்பவர் மறுபடியும் தேர்தலுக்கு நிற்க விரும்பும்போது, அவருடைய சொந்தக் கட்சிக்காரரே அவரை எதிர்த்துக் கிளம்புவது உண்டு என்று சொன்னேன். உடனே கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அது துரோகம் இல்லையா, ஸார்?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. உபாத்தியாயர்களை ஆபத்துக் காலத்தில் காப்பாற்றுவதற்கென்றே பள்ளிக்கூடங்களில் மணி ஏற்பட்டிருக்கிறது என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "துரோகமா, இல்லையா என்பது கிடக்கட்டும். எதிர்த்து நின்றவருக்கு என்ன கிடைத்தது? அவரால் அந்தக் கட்சிக்கு என்ன ஆயிற்று? அதைச் சொல்லுங்கள்" என்றாள். ஒரு கேள்வியிலிருந்து தப்பி வந்தவன் மூன்று கேள்விகளில் மாட்டிக்கொண்டேன். இந்த வாரத்தை அந்த மூன்றுக்கும் விடை தேடுவதற்கே செலவிடுகிறேன். வாசகர்களும் கூட வர வேண்டுகிறேன்.

முதலில் அந்த நாட்டு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனாதிபதித் தேர்தல் நடப்பது நவம்பர் மாதத்தில். அதற்கு முன்னால், கோடையில் கூடும் மகாநாட்டில், ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர் யார் என்பதைப் பிரதிநிதிகளின் வோட்டினால் தீர்மானிக்கிறது. அந்தப் பிரதிநிதிகள் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை ராஜ்யந்தோறும் ஜனங்களே வோட்டுப் போட்டு முடிவு செய்வதற்குப் 'பிரைமரி' என்று பெயர். நாம் பூர்வாங்கத் தேர்தல் என்று சொல்லலாம். கல்யாணத்துக்கு முன்னால் நடக்கும் நிச்சயதார்த்தம் போன்றது அது.

பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு இந்தப் பூர்வாங்கத் தேர்தல் பெரும்பாலும் ஒரு சடங்குதான். கட்சியின் யந்திரம் அவர் கையில் இருக்கிறது. உத்தியோகங்களை வழங்குகிறவர் அவர். அவருடன் ஒரே மேடையில் நின்று படம் பிடித்துக்கொள்ளாத கட்சிக்காரர் அபூர்வம். அப்படிப்பட்டவரை எதிர்த்து அதே கட்சியில் ஒருவர் கிளம்புகிறார் என்றால், அவர் அசட்டுத் துணிச்சல்காரராக இருக்க வேண்டும். அல்லது வீட்டுக்குள் ஏதோ புகைகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு 1968-ஆம் வருஷத்தைப் போன்ற உதாரணம் வேறு இல்லை.

* * *

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த லிண்டன் ஜான்ஸன் 1964-ஆம் வருஷத்துத் தேர்தலில் அடைந்த ஜயம் சாமானியமானதல்ல. வோட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 61 பேர் அவரை ஆதரித்தார்கள். 50 ராஜ்யங்களில் 44 அவர் பக்கம் சேர்ந்தன. நீக்ரோ ஜனங்களுக்குச் சம உரிமை அளிக்கும் சட்டம், அவர்களுடைய வோட்டுரிமையைக் காக்கும் சட்டம், முதியோர்களின் வைத்தியச் செலவை ஏற்கும் சட்டம் ஆகியவற்றை 1964, 1965 ஆகிய இரண்டே வருஷங்களில் அவர் நிறைவேற்றிக் காட்டினார். அவர் அத்துடன் நின்றிருந்தால் சரித்திரம் அவரை வேறு விதமாக நினைவு வைத்திருக்கும்.

ஆனால் வியட்நாம் யுத்தம் இருந்தது. 1968-ஆம் வருஷம் பிறந்தபோது சுமார் 5 லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள். வெற்றி அருகில் வந்துவிட்டது என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. மகன்களைப் போர்முனைக்கு அனுப்பிய வீடுகளில் அதை நம்புகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஆலர்ட் லோவென்ஸ்டீன் என்பவர் ஜான்ஸனை எதிர்த்து நிற்க ஓர் ஆள் தேடிக் கட்சித் தலைவர்களின் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ராபர்ட் கென்னடியைக் கேட்டார். சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியின் தம்பி அவர், யுத்தத்தைக் கண்டித்தவர், ஜனங்களின் செல்வாக்குப் பெற்றவர். அவர் தயங்கி மறுத்துவிட்டார். ஜார்ஜ் மக்கவர்ன் என்ற ஸெனேட்டரும் மறுத்தார். கடைசியில், மின்னஸோட்டா ராஜ்யத்தின் ஸெனேட்டர் யூஜீன் மக்கார்த்தி சம்மதித்தார். இவரை, 1950-களில் கம்யூனிஸ்டு வேட்டையாடிப் பெயரெடுத்த ஜோஸப் மக்கார்த்தியுடன் வாசகர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் வேறு, இவர் வேறு. இவர் முன்பு உபாத்தியாயராக இருந்தவர், கவிதை எழுதுகிறவர். மேடையில் கையை ஓங்கி மேஜையைக் குத்தும் பழக்கம் இல்லாதவர். உபாத்தியாயர் என்றதும் எனக்கு அவர்மேல் சற்றுப் பட்சபாதம் உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1967-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி அவர் தமது முடிவை அறிவித்தார். கட்சிப் பெரியவர்கள் சிரித்தார்கள். சிரித்ததற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பான்மையான ராஜ்யங்களில் பூர்வாங்கத் தேர்தலே கிடையாது. பிரதிநிதிகளில் பெரும் பகுதியினரைக் கட்சித் தலைவர்கள் அறைக்குள் கூடிப் பேசியே நியமித்துவந்தார்கள். தேர்தல் நடந்த ராஜ்யங்கள் எல்லாவற்றிலும் மக்கார்த்தி ஜயித்தால்கூட மகாநாட்டில் அவர் ஜயிப்பது துர்லபம். இது அவருக்கும் தெரியும்.

1968 ஜனவரி 30-ஆம் தேதி வியட்நாமியரின் புத்தாண்டுச் சமயத்தில், தென் வியட்நாமின் நகரங்கள் பலவற்றின்மேல் ஒரே வேளையில் தாக்குதல் தொடங்கியது. ஸைகான் நகரத்து அமெரிக்கத் தூதாலயத்தின் மதிலுக்குள்ளேயே எதிரிகள் புகுந்துவிட்டார்கள். தாக்குதல் முறியடிக்கப்பட்டது உண்மை. ஆனால் வெற்றி அருகில் இருக்கிறது என்ற பேச்சும் அத்துடன் முறிந்துபோயிற்று. மார்ச் 10-ஆம் தேதி, ராணுவத் தளபதி மேலும் 2,06,000 துருப்புகள் கேட்டிருக்கிறார் என்ற ரகசியத்தை 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை வெளியிட்டது. நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் முதல் பூர்வாங்கத் தேர்தல் நடக்க அப்போது இரண்டே நாட்கள் பாக்கி.

* * *

நியூ ஹாம்ப்ஷயர் மிகச் சிறிய ராஜ்யம். மார்ச் மாதத்தில் அங்கே வெண்பனி மூடியிருக்கும். அந்தப் பனியில் பல ஊர்க் கலாசாலைகளிலிருந்து மாணவர்கள் வந்து இறங்கினார்கள். கிராமத்துப் பெரியவர்களின் மனம் கோணக் கூடாது என்பதற்காகத் தாடியை மழித்துக்கொண்டார்கள். தோள்வரை தொங்கிய தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, மரியாதையாக வணங்கி, மக்கார்த்திக்கு வோட்டுக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வாலிபர்களில் பலருக்கு வோட்டுரிமை இல்லை. அந்தக் காலத்தில் அங்கே 21 வயது நிரம்பினால்தான் வோட்டுப் போடலாம். ஆனால் 18 வயதிலேயே ராணுவத்தில் பெயரைப் பதிந்துகொண்டாக வேண்டும். கூப்பிட்டால் போயாக வேண்டும். யுத்தத்துக்கு அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாதவன், அந்த யுத்தத்தில் சாவதற்கு மட்டும் வயது வந்தவன்! அவன் செய்யக்கூடியதெல்லாம் வோட்டுரிமை உள்ளவரின் வாசலில் போய் நிற்பதுதான். 1968-ஆம் வருஷத்தில் மாத்திரம் வியட்நாமில் மாண்ட அமெரிக்கர்கள் 16,000-க்கு மேல். என் பள்ளிக்கூடத்தில் 1,000 பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்படி 16 பள்ளிக்கூடங்களில் ஹாஜர் எடுக்கும்போது ஒரு குரலும் பதில் சொல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வியட்நாமிய ஜனங்களில் மாண்டவர்களோ அந்த யுத்தத்தில் பல லட்சம்.

ஜான்ஸனுடைய ஆட்கள் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பெரிய தவறு செய்தார்கள். ஜனாதிபதியின் பெயர் வோட்டுச் சீட்டில் அச்சிடப்படவில்லை. வோட்டர்களே எழுதிப்போட வேண்டும். எழுதிப்போடுவதை நிச்சயப்படுத்திக்கொள்ள, இலக்கமிட்ட அட்டைகளை வீடுதோறும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அட்டையின் ஒரு பகுதி ஜனாதிபதியின் மாளிகைக்குப் போகும் என்றும் சொன்னார்கள். விசுவாசத்தைக் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னால் சுயமரியாதை உள்ளவர்களுக்குக் கோபம் வராதா? வோட்டு என்பது ரகசியம் அல்லவா என்று மக்கார்த்தி கட்சியார் கேட்டார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 12-ஆம் தேதி வோட்டுகளை எண்ணினார்கள். ஜான்ஸனுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 50, மக்கார்த்திக்கு 42. வித்தியாசம் சுமார் 4,000 வோட்டு. கணக்குப்படி ஜயித்தவர் ஜான்ஸன். ஆனால் கட்சிப் பெரியவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. மகாநாட்டுக்குப் போக வேண்டிய 24 பிரதிநிதிகளில் 20 பேர் மக்கார்த்தியின் ஆட்கள் என்பது இன்னும் வேடிக்கை. ஜான்ஸனின் ஆதரவாளர்கள் கட்டுப்பாடில்லாமல் வேண்டிய இடங்களைவிட அதிகம் பேர் நின்று, தங்களுடைய வோட்டுகளைத் தாங்களே சிதறடித்துக்கொண்டார்கள்.

அந்த 42 பேரும் சமாதானத்தை விரும்பியா வோட்டுப் போட்டார்கள்? நாம் அப்படித்தான் நினைப்போம். மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பிறகு விசாரித்துப் பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் மக்கார்த்திக்கு வோட்டளித்தவர்களில், யுத்தத்தை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்றவர்கள், படைகளைத் திருப்பி அழைக்க வேண்டும் என்றவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். ஏறக்குறைய 3-க்கு 2 என்ற விகிதம்! ஜனாதிபதியின்மேல் ஏற்பட்ட சலிப்பு ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. எதிர்த்து நிற்பவருக்கு விழும் வோட்டு அவருடைய கொள்கைக்கு விழும் வோட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் ஒரே ஒரு தபால் பெட்டி இருந்தால், காதல் கடிதமும் அதில்தான் விழுகிறது. கடன்காரனின் நோட்டீஸும் அதில்தான் விழுகிறது.

* * *

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தேர்தல் முடிந்த நான்காவது நாள், மார்ச் 16-ஆம் தேதி, முன்பு தயங்கிய ராபர்ட் கென்னடி தாமும் போட்டியிடுவதாக அறிவித்தார். பனியில் நின்று கதவைத் தட்டியவர் ஒருவர். கதவு அசைந்ததும் உள்ளே நுழைய வந்தவர் மற்றொருவர். மக்கார்த்தியின் மாணவர்களுக்கு இது எப்படியிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 31-ஆம் தேதி இரவு ஜான்ஸன் டெலிவிஷனில் தோன்றினார். வட வியட்நாமின் பெரும் பகுதியில் குண்டு வீச்சை நிறுத்துவதாகச் சொன்னார். பேச்சின் முடிவில், இனித் தாம் அபேட்சகராக நிற்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். தேகநிலையை உத்தேசித்து முன்பே இப்படி எண்ணியிருந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். இருக்கலாம். ஆனால் 1952-இல் ஜனாதிபதி ட்ரூமன் இதே நியூ ஹாம்ப்ஷயரில் கீஃபாவர் என்ற ஸெனேட்டரிடம் தோற்று, அதே மாதம் 29-ஆம் தேதி விலகிக்கொண்டது ஜான்ஸனுக்கு மறந்திருக்குமா? இரண்டு நாள் கழித்து நடந்த விஸ்கான்ஸின் தேர்தலில் மக்கார்த்தி சுலபமாக ஜயித்தார். மே மாதத்தில் பாரிஸ் நகரில் சமாதானப் பேச்சு ஆரம்பமாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் 4-ஆம் தேதி கலிபோர்னியாவில் ஜயித்த ராபர்ட் கென்னடி அன்று நள்ளிரவு கழிந்து சுடப்பட்டு, 6-ஆம் தேதி உயிர் நீத்தார். ஆகஸ்டு மாதம் சிகாகோவில் மகாநாடு கூடியபோது, ஒரு பூர்வாங்கத் தேர்தலிலும் நிற்காத உப ஜனாதிபதி ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, தலைவர்கள் நியமித்த பிரதிநிதிகளின் பலத்தால் அபேட்சகர் ஆனார். யுத்தத்தை நிறுத்தக் கோரும் தீர்மானம் தோற்றது. மண்டபத்துக்கு வெளியே போலீஸார் வாலிபர்களைத் தடியால் அடித்ததை நாடெங்கும் டெலிவிஷனில் பார்த்தார்கள்.

மனம் கசந்த மக்கார்த்தி, ஹம்ப்ரியை ஆதரிக்கும்படி சொல்வதற்கு அக்டோபர் 29-ஆம் தேதி வரையில் தாமதித்தார். அப்போதும் அரை மனதாகவே சொன்னார். தேர்தல் நவம்பர் 5. குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்ஸன் ஜயித்தார். ஏழு கோடிக்கு மேற்பட்ட வோட்டுகளில் வித்தியாசம் சுமார் 5 லட்சம். அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அமெரிக்கா யுத்தத்திலிருந்து விலகும் ஒப்பந்தம் 1973 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று. நிக்ஸன் பதவி ஏற்ற பிறகு மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் 20,000-க்கு மேல். ஹம்ப்ரி வந்திருந்தால் யுத்தம் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று யாரும் பிரமாணம் செய்ய முடியாது. ஆனாலும் யுத்தத்தை நிறுத்தக் கிளம்பிய ஒருவர், கடைசி இரண்டு மாதம் வாயைத் திறவாமல் இருந்தது சரிதானா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க முடியாது. உபாத்தியாயர் என்ற பட்சபாதம் இந்த இடத்தில் எனக்கு உதவவில்லை.

* * *

இனிக் கணக்குப் பார்ப்போம். மக்கார்த்திக்குப் பதவி கிடைக்கவில்லை. கட்சிக்குத் தோல்வி கிடைத்தது. ஆனால் மற்றொன்றும் கிடைத்தது. ஜனங்களிடம் ஒரு வோட்டுக்கூடக் கேட்காதவர் அபேட்சகர் ஆன வெட்கத்தினால், அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சீர்திருத்த 1969-இல் கட்சி ஒரு குழுவை நியமித்தது. முன்பு எதிர்த்து நிற்க மறுத்த மக்கவர்ன்தான் அதற்குத் தலைவர். 1972 முதல் பிரதிநிதிகளில் பெரும்பாலோரைப் பூர்வாங்கத் தேர்தல்களே நிர்ணயிக்கின்றன. மற்றக் கட்சியும் அதே வழியில் வந்துவிட்டது. வோட்டுரிமையின் வயதை 18 ஆக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 1971-இல் அமுலுக்கு வந்தது. சிகாகோவில் வாசலுக்கு வெளியே நின்றவர்களின் தம்பிமார்களும் தங்கைமார்களும் வோட்டுச் சாவடிக்குள்ளே நுழைந்தார்கள்.

அதற்குப் பின் வந்த எதிர்ப்புகளையும் பார்க்க வேண்டும். 1976-இல் ஜனாதிபதி ஃபோர்டை ரொனால்டு ரீகன் எதிர்த்தார். மகாநாட்டில் ஃபோர்டுக்கு 1,187 வோட்டு, ரீகனுக்கு 1,070. மயிரிழையில் தப்பிய ஃபோர்டு, நவம்பரில் தோற்றார். 1980-இல் ஜனாதிபதி கார்ட்டரை எட்வர்டு கென்னடி எதிர்த்தார்; கார்ட்டர் கட்சிக்குள் ஜயித்து, நாட்டில் தோற்றார். 1992-இல் மூத்த புஷ்ஷைப் பேட்ரிக் புக்கானன் எதிர்த்து நியூ ஹாம்ப்ஷயரில் நூற்றுக்கு 37 வோட்டு வாங்கினார். பிறகு ஒரு ராஜ்யத்திலும் அவர் ஜயிக்கவில்லை. ஆனாலும் நவம்பரில் புஷ் தோற்றார். மாறாக, கட்சிக்குள் கடுமையான எதிர்ப்பு இல்லாத ரீகன் 1984-இலும், கிளின்டன் 1996-இலும், இளைய புஷ் 2004-இலும், ஒபாமா 2012-இலும் இரண்டாம் முறை ஜயித்தார்கள்.

இதைப் பார்த்துச் சிலர், "எதிர்த்து நின்றவர்தான் வீட்டைக் கெடுத்தார்" என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள். குழந்தைக்கு ஜுரம் என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம். 103 டிகிரி காட்டுகிறது. தெர்மாமீட்டர் வைத்த குழந்தைகளுக்கே அதிகமாக ஜுரம் காண்பதால் தெர்மாமீட்டரை வாங்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? விலைவாசியினால் ஜனங்கள் தவித்திராவிட்டால், ஈரானில் தூதாலயத்து அமெரிக்கர்கள் சிறைப்பட்டிராவிட்டால், கார்ட்டரின் நிலை அவ்வளவு மோசமாகியிராது. வரியை உயர்த்துவதில்லை என்று 1988-இல் வாக்குக் கொடுத்துவிட்டு 1990-இல் புஷ் உயர்த்தாமல் இருந்திருந்தால், புக்கானனுக்குப் பேச விஷயமே இருந்திராது. 2020-இல் டிரம்புக்குத் தம் கட்சிக்குள் சொல்லத்தக்க எதிர்ப்பே இல்லை. ஆயினும் அவர் தோற்றார். தெர்மாமீட்டர் இல்லாமலும் ஜுரம் வரும்.

உவமானம் முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெர்மாமீட்டர் குழந்தையை ஒன்றும் செய்யாது. எதிர்த்து நிற்பவரோ பல மாதம் மேடை ஏறி ஜனாதிபதியின் குறைகளை எடுத்துச் சொல்லுகிறார். நவம்பரில் எதிர்க்கட்சிக்காரர்கள் அவற்றையே திருப்பிச் சொன்னால் போதும். பணமும் நாளும் வீணாகின்றன. தம்மை எதிர்ப்பவரைச் சமாதானப்படுத்த ஜனாதிபதி தம் நடையை மாற்றிக்கொள்கிறார். ரீகனுக்கு அஞ்சிய ஃபோர்டு, ருஷ்யாவுடனான நேசக் கொள்கைக்கு வழங்கிவந்த பெயரையே உச்சரிப்பதை நிறுத்திவிட்டார். வரியை உயர்த்தியது பிசகு என்று 1992-இல் புஷ் சொல்ல நேர்ந்தது. ஜுரம் உள்ளவருக்கு இவை மேலும் தளர்ச்சி தரும். ஆனால் ஜுரத்தை உண்டாக்கியவை இவை அல்ல.

எல்லாவற்றுக்கும் சமீபத்திய உதாரணம் 2024. அவ்வருஷம் ஜனாதிபதி பைடனை எதிர்த்து டீன் ஃபிலிப்ஸ் என்ற காங்கிரஸ் அங்கத்தினர் நின்றார். அவரும் மக்கார்த்தியின் மின்னஸோட்டாக்காரரே. பைடன் வயோதிகர், நவம்பரில் தோற்பார், வேறொருவர் வர வேண்டும் என்பதே அவருடைய வாதம். நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் பெயரும், 1968-இல் போலவே, சீட்டில் இல்லை, ஜனங்கள் எழுதிப்போட்டார்கள். ஃபிலிப்ஸுக்கு நூற்றுக்குச் சுமார் 20 வோட்டு கிடைத்தது. அதற்கு மேல் அவரால் எழும்ப முடியவில்லை; மார்ச் 6-ஆம் தேதி விலகி, பைடனையே ஆதரித்தார். கட்சிப் பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஜூன் 27-ஆம் தேதி டிரம்புடன் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை நாடு முழுவதும் பார்த்தது. ஜூலை 21-ஆம் தேதி அவர் விலகினார். அபேட்சகரான உப ஜனாதிபதி கமலா ஹாரிஸுக்குப் பிரசாரம் செய்ய மூன்றரை மாதமே இருந்தது. நவம்பரில் அவர் தோற்றார். ஃபிலிப்ஸ் பெரிய தலைவர் என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்காலத்தில் கதவைத் தட்டியவர் சின்ன ஆளாக இருந்தால் என்ன? தீப்பிடித்திருக்கிறது என்று சொல்ல வந்தவரின் உயரத்தையா அளந்துகொண்டிருப்பது?

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு கட்சிக்குள் நிறையப் பேர் மனத்தில் ஒரு குறை இருக்கலாம். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே அது இருப்பதாக எண்ணி வாய் பேசாமல் இருப்பார்கள். தலைவருக்கு அருகில் இருப்பவர்கள் குறையே இல்லை என்பார்கள். ஒருவர் துணிந்து எதிரே நின்றதும், அந்த மௌனத்தை எண்ணிப் பார்க்க வழி பிறக்கிறது. 42 என்றோ 37 என்றோ 20 என்றோ ஓர் எண் கிடைக்கிறது. மார்ச்சு மாதத்தில் கிடைக்கும் அந்த எண்ணை மதித்து வழியை மாற்றிக்கொள்ளும் கட்சிக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. மதிக்காத கட்சி அதே எண்ணை நவம்பரில், வேறு கட்சியின் கணக்கில், பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

* * *

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், கடைசிப் பெஞ்சிப் பையனை எழுப்பி இவ்வளவையும் சொன்னேன். தலைவரை எதிர்ப்பது தன்னளவில் துரோகம் ஆகாது. எதிர்த்து நின்ற காரணத்தைத் தோற்ற பிறகு தன் கசப்புக்காகக் கைவிட்டால், அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் சொல்லலாம் என்றேன். எனக்கே அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. பையனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"பனியிலே வீடு வீடாகப் போனார்களே, அவர்களுக்கு வோட்டே கிடையாதா, ஸார்?" என்று கேட்டான். அவன் மனத்தில் நின்றது ஜனாதிபதியும் அல்ல, ஸெனேட்டரும் அல்ல.

"பல பேருக்குக் கிடையாது" என்றேன். நம் நாட்டிலும் 1989 வரையில் 21 வயதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டு, "உங்களில் 18 நிரம்பியவர்கள் யார், யார்?" என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. "வோட்டர் ஜாபிதாவில் பெயரைச் சேர்த்துவிட்டவர்கள் மட்டும் கையைத் தூக்கியபடி இருங்கள்" என்றேன். மூன்று கைகளும் இறங்கிவிட்டன.

மணி அடித்தது. இந்தத் தடவை நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பெயர் சேர்ப்பதற்கான ஆறாம் நம்பர்ப் படிவம் மூன்று பிரதிகளை மறுநாள் காலையில் கொண்டு வருவதாக அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே வந்தேன்.